பெரிய பண்ணையா, தோட்டத்து வீடா?

அவிநாசியை அடுத்த சேவூரில் இருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் பத்து நிமிடத்தில் ஒரு தோட்டம் வந்துவிடும். கிளுவை வேலி, உள்ளே ஒரு சாளை, கட்டுத்தரையில் நாலு உருப்படி. அப்படியிருக்கும்போது காசு கொடுத்து இன்னொருத்தர் தோட்டத்தில் போய்ப் படுப்பதா என்று வீட்டில் அப்பத்தா கேட்கத்தான் செய்வார். கேள்வி நியாயமானது. ஆனால் அப்பத்தா பிறந்து வளர்ந்த தோட்டம் இந்நேரம் சைட் போட்டு விற்றாகியிருக்கும், இல்லை பாகம் பிரித்ததில் யாருக்கோ போயிருக்கும். மிச்சமிருக்கும் மாமன் வீட்டுத் தோட்டத்துக்குப் போனால் விருந்தாடியாகத்தான் போக வேண்டும். யார் வீட்டில் சாப்பிட்டோம், யார் வீட்டு வாசலோடு திரும்பினோம் என்ற வருத்தம் அடுத்த நோம்பி வரைக்கும் ஓடும். காசு கொடுத்துத் தங்கும் இடத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கணக்கைத் தீர்த்துவிட்டு வண்டி ஏறலாம்.

ஆகவே போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். எங்கே என்பதுதான் பாக்கி. கிடைப்பதில் இரண்டு வகை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வரிசையாக அறைகள் கட்டி, நீச்சல் குளமும் சாப்பாட்டுக் கூடமும் வைத்து நடத்துவது ஒன்று. தோட்டக்காரர் தன் வீட்டை ஒட்டி இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி விடுவது இன்னொன்று. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் ஹோம்ஸ்டேக்களைப் பதிவு செய்யும் திட்டத்தில் இதற்கு ஒரு கோடு கிழித்திருக்கிறது: ஆறு அறை, பன்னிரண்டு படுக்கைக்கு மேல் கூடாது, உரிமையாளர் குடும்பம் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். இந்தப் புத்தகமும் அந்தக் கோட்டையே பின்பற்றுகிறது, குறிப்பாக இரண்டாவது நிபந்தனையை. மூன்று அறைதான், ஆனால் சொந்தக்காரர் கோவையில் இருக்கிறார், சாவி வாட்ச்மேன் கையில் என்கிற இடங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. சின்ன இடத்தின் கவனிப்பும் அங்கே இருக்காது, பெரிய இடத்தின் ஒழுங்கும் இருக்காது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நின்றுபோனால் வாட்ச்மேன் முதலாளிக்குப் போன் போடுவார், முதலாளி எடுக்கமாட்டார். குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த வகையைப் பட்டியலில் இருந்தே அடித்துவிடலாம்.

யாருக்கு விடுமுறை?

அறை எண்ணிக்கை, வாடகை, நீச்சல் குளம் என்று பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் யாருக்கு இந்த விடுமுறை என்று பேசிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். குழந்தைகளுக்கு எந்தப் பண்ணையும் போதும். இரண்டு ஆட்டுக்குட்டியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் பொழுது போய்விடும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் வைக்க வேண்டியவர் அந்தக் குழந்தைகளின் அம்மா.

சின்னத் தோட்டத்து வீட்டில் சமைப்பது பெரும்பாலும் வீட்டுக்காரம்மாதான். போய் இறங்கிய அரை மணி நேரத்தில் அவர் ‘அக்கா’ ஆகிவிடுவார். அக்கா ஒற்றை ஆளாக விறகடுப்பில் பத்துப் பேருக்கு அரிசி பருப்புச் சாதம் கிளறும்போது நம் வீட்டுப் பெண்களால் கட்டிலில் உட்கார்ந்திருக்க முடியாது. முதலில் வெங்காயம் உரித்துக் கொடுப்பார்கள். அடுத்து தேங்காய் துருவுவார்கள். இரண்டாம் நாள் காலையில் சந்தகை பிழியும் பலகையின் ஒரு முனையில் உங்கள் வீட்டம்மா நிற்பார். ஆண்கள் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ‘என்ன காத்துங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு இது பிடிக்கும். பழகிய வேலையை வேறு இடத்தில், வேறு பேச்சோடு செய்வதிலும் ஒரு சந்தோஷம் உண்டு. அந்த அடுப்படியில் கிடைக்கும் சிநேகம் வருடக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. ஆனால் வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளிலோ பவர் டேபிளிலோ நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத் துணியைத் துவைக்கும் பெண்ணுக்கு, யாரோ சமைத்து யாரோ பரிமாறி யாரோ இலை எடுக்கும் இரண்டு நாள் வேண்டியிருக்கலாம். அதைப் பெரிய விடுதிதான் கொடுக்கும். அங்கே பரிமாறுகிறவர் சம்பளத்துக்கு நிற்கிறார் என்பதால் உட்கார்ந்து சாப்பிடுவதில் கூச்சம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே கிடையாது.

இரண்டும் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே சமையலுக்குத் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள். சில தோட்டக்காரர்கள் அன்றைக்கு மட்டும் பக்கத்து ஊரில் இருந்து சமையல் ஆள் வரவழைத்துக்கொள்கிறார்கள். கூலி நீங்கள் கொடுப்பதாகச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

பெரியவர்கள் விஷயம் வேறு. திருப்பூரில் பேரன் வீட்டு மாடியில் அடைந்து கிடக்கும் அப்பாருக்குப் பெரிய விடுதியின் மாட்டு வண்டிச் சவாரி சிரிப்பைத்தான் வரவழைக்கும். அதே மனிதர் ஒரு நிஜத் தோட்டத்தில் இறங்கினால் கால் மணி நேரத்தில் வரப்பு ஓரம் நின்று, போர் எத்தனை அடி, மஞ்சள் எந்த ரகம், ஆள் கூலி என்ன என்று தோட்டக்காரரை விசாரித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய முழங்கால் அந்த வீட்டுக் கழிப்பறைக்கு ஒத்துவர வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, அது படுக்கும் அறைக்குள்ளேயே இருக்கிறதா, இரவில் வாசல் இறங்கிப் போக வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். ‘எல்லா வசதியும் இருக்குங்க’ என்ற பதிலை ஏற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டு வாங்குங்கள். சின்ன இடங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை என்றால் காலை பத்து மணி வரை குடும்பமே வரிசையில் நிற்கும்.

பால் எத்தனை மணிக்குக் கறப்பீங்க?

இணையப் படங்களில் எல்லா இடமும் பண்ணையாகத்தான் தெரியும். நிஜப் பண்ணையைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்.

“காலைல பால் எத்தனை மணிக்குங்க கறப்பீங்க?”

“அஞ்சு, அஞ்சரைக்குங்க. சொசைட்டி வண்டி வந்துருமுங்க. பாப்பா அந்நேரத்துக்கு எந்திரிக்குமாங்க?”

இப்படிப் பதில் வந்தால் அங்கே மாடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ‘உங்களுக்கு எப்ப வேணுமோ அப்பக் கறந்து காட்டறோம் சார்’ என்று வந்தால் அந்த மாடு விருந்தினருக்காக நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு எழுந்து வரும் பிள்ளைகளுக்கு அதுவே வசதி. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தாலியில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். ‘அக்ரிடூரிஸ்மோ’ என்ற பெயரில் ஒருவர் விருந்தினரைத் தங்கவைக்க வேண்டுமானால் அவருக்கு விவசாயமே பிரதான தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாகத்தான் இருக்கலாம் என்று 1985-இல் சட்டம் வந்தது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்துப் பாராமதிப் பகுதியில் பாண்டுரங் தாவரே 2005 வாக்கில் தொடங்கிய வேளாண் சுற்றுலாவும் அதே எண்ணத்தில் வந்ததுதான்: நகரத்தார் வந்து உழவரின் அன்றாடத்தைப் பார்க்கட்டும், உழவருக்கு ஒரு துணை வருமானம் வரட்டும். 2020-இல் அந்த மாநிலம் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் குன்னூர். ‘கயாமத் சே கயாமத் தக்’ படத்தை இயக்கிய மன்சூர் கான் மும்பையை விட்டு வந்து அங்கே மாடு வளர்த்துச் சீஸ் செய்கிறார். விருந்தினருக்கான சில குடில்கள் அந்தச் சீஸ் பண்ணையோடு சேர்ந்தவை. சின்ன இடம் என்பதற்கு மலிவான இடம் என்று பொருளில்லை என்பதற்கும் அது நல்ல உதாரணம். போவதானால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது அது. கோடை மாதங்களில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் போய் நின்றுகொண்டு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள்.

கொங்குத் தோட்டங்களுக்கென்று கேட்க வேண்டிய கேள்விகள் தனி. பக்கத்தில் தறிக்குடோன் இருக்கிறதா? அவிநாசி, சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் அமைதியைத் தேடிப் போய், இரவெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் படுத்திருப்பது நடக்கக் கூடியதே. திருப்பூர்க்காரர்களுக்கு அது தாலாட்டு என்று சிலர் கேலி பேசலாம். கோழிப்பண்ணை எவ்வளவு தூரம்? கறிக்கோழிக் கொட்டகை காற்றடிக்கும் பக்கம் இருந்தால் நாற்றமும் ஈயும் சாப்பாட்டு இலை வரைக்கும் வரும். பக்கத்தில் ஏதேனும் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டியிருக்கிறதா? சாட்டியிருந்தால் ஒலிபெருக்கி உறுதி. பிள்ளைகளுக்கு நோம்பி பார்க்கக் கிடைத்தால் அதுவே லாபம் என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்வியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் தண்ணீர். அவிநாசி வட்டாரத்தில் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் காற்று மட்டும் வந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து இறைத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் எல்லாக் குளத்திலும் எல்லா மாதமும் தண்ணீர் நிற்காது. பம்ப்செட் தொட்டியில் பிள்ளைகள் குதிப்பதுதான் உங்கள் திட்டம் என்றால், ‘இப்ப மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுதுங்க’ என்று அந்த வாரமே கேட்டுவிடுங்கள். சித்திரையில் தோட்டக்காரர் தென்னைக்கே தண்ணீர் இல்லாமல் தவிக்கும்போது உங்கள் பிள்ளைகள் குளிக்க மோட்டார் போடச் சொல்வது நாகரிகமில்லை. கடும் கோடையில் நீச்சல் குளம் உள்ள பெரிய இடத்துக்குப் போவதே மேல். தோட்டத்து வீட்டை ஆடிக்கும் தைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாகப் போகிறவர்கள்

பங்காளிகள், மச்சான் வீடு, அக்கா வீடு என்று இருபது இருபத்தைந்து பேர் கிளம்பினால் யோசிக்க ஒன்றும் இல்லை, பெரிய விடுதிதான். அத்தனை பேரைத் தாங்கும் கழிப்பறையும் பாத்திரமும் தோட்டத்து வீட்டில் இருக்காது. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்: ‘அன்னைக்கு வேற யாரு பதிஞ்சிருக்காங்க?’ ரெயின் டான்ஸ், டிஜே என்று விளம்பரம் போடும் இடங்களில் வார இறுதியில் கம்பெனி ஆட்கள் கூட்டமாக வருவார்கள். இரவு பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் அலறும்போது மேனேஜரைத் தேடிப் பயனில்லை. முடிந்தவர்கள் ஞாயிறு மாலை போய்ச் செவ்வாய் காலை திரும்பலாம்.

இரண்டு குடும்பம், பத்துப் பேருக்குள் என்றால் தோட்டத்து வீடு முழுவதையும் எடுத்துக்கொள்வது நல்லது. வேறு விருந்தினர் இருக்கமாட்டார்கள். வாசலில் பாய் விரித்து விடிய விடியப் பேசலாம்.

வழிகாட்டிப் புத்தகங்கள் பொதுவாக எழுதாத ஒன்றையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. சின்ன இடத்தில் நீங்கள் ஒருவர் வீட்டுக்குள் போகிறீர்கள். போனில் எந்த ஊர் என்று கேட்பது இயல்பு. அதோடு நிற்காமல் ‘அங்க யாரு வீட்டுங்க, நீங்க என்ன ஆளுங்க’ என்று வளைத்துக் கேட்கும் வீட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் சாதி எதுவாக இருந்தாலும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாடம் படிக்க வேண்டிய இடம் இல்லை அது. பெரிய விடுதிகளில் ஆதார் அட்டையைத் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை என்பதால் அங்கேதான் நிம்மதி என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அந்தக் காரணத்தை மதிக்கிறேன்.

காசுக் கணக்கு

பெரிய இடம் அறைக்கு விலை சொல்லும், சின்ன இடம் தலைக்கு விலை சொல்லும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். தாத்தா பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் இரண்டு இரவு தங்குவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பெரிய இடத்தில் அறை ஒன்று 4,500 ரூபாய் என்றால் இரண்டு அறைக்கு இரண்டு இரவு 18,000. வரி 900. காலைச் சாப்பாடு அறை வாடகையில் அடக்கம். மற்ற நாலு வேளைக்கு ஆளுக்கு 400 என்றால் 9,600. ஆக 28,500. சவாரிகளும் கூடுதல் கட்டிலும் தனி. தோட்டத்து வீட்டில் சாப்பாட்டோடு பெரியவருக்கு 1,600, பிள்ளைக்குப் பாதி என்றால் ஒரு நாளைக்கு 8,000, இரண்டு நாளைக்கு 16,000. நாட்டுக்கோழி அடித்தால் அதற்குத் தனியாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22-இல் இருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள சின்ன இடங்கள் ஜிஎஸ்டி பதிவே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைன் தளம் வழியாகப் பதிந்தால் தளமே வரியைச் சேர்த்துவிடும். ஆகவே சின்ன இடத்தை இணையத்தில் கண்டுபிடித்தாலும் ஒருமுறை நேரடியாகப் போன் செய்து பேசுவது எல்லா வகையிலும் நல்லது.

இரவும் ஆபத்தும்

இந்தப் பகுதியில் தனித் தோட்டத்து வீட்டில் இரவு தங்குவது பற்றிய பயம் வெறும் கற்பனை இல்லை. 2024 நவம்பரில் பொங்கலூர் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்திலும், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கூப்பிடு தூரத்தில் அடுத்த வீடு இருக்கிறதா, கேமராவும் வாசல் விளக்கும் உண்டா, வீட்டுக்காரர் குடும்பம் இரவில் அங்கேயே தூங்குகிறதா என்று கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நாய் இரவில் அவிழ்த்துவிடப்படுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புது ஆளுக்கு அது குரைப்பதோடு நிற்காது.

கொங்குக் கிணறுகள் ஆழமானவை. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வெட்டிய பாறை விளிம்போடு நின்றுவிடும். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் சுவரில்லாத கிணறு உள்ள இடம் வேண்டவே வேண்டாம், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும். பனையிலும் தென்னையிலும் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று போனதும் கேட்டுவிட்டுப் பையன்களிடம் கல்லெறியக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பாம்புக்கடிக்கு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். இருட்டில் வரப்பில் நடக்க டார்ச்சும் செருப்பும் கட்டாயம்.

பொழுதுபோக்கு இல்லாத இடத்தில்

சின்ன இடத்தில் இரண்டாம் நாள் மதியம் பதின்ம வயதுப் பிள்ளைகள் போனுக்குத் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் எங்கே போகலாம் என்று முதலிலேயே யோசித்துவையுங்கள். சேவூரை ஒட்டித் தங்கினால் அலைச்சலே இல்லை. திங்கட்கிழமை சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம். வியாழக்கிழமை புன்செய் புளியம்பட்டி மாட்டுச் சந்தை. அவிநாசியில் முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட கதையைத் தாமரைக்குளத்தங்கரையில் வைத்துச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளத்துக்குக் குளிர்காலத்தில் விடியற்காலையில் போனால் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடியிருக்கும் வாரத்தில் ஆடியில் விதைத்த கடலை பறிப்புக்கு வந்திருக்கும். கொடி பிடுங்கி, கை வலிக்கக் காய் ஆய்ந்து, சுட்டுத் தின்பதற்கு ஈடாகப் பெரிய விடுதியில் எதுவும் கிடையாது.

பொங்கலுக்குச் சின்ன இடம் பிடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டிப் பொங்கல் அன்றைக்கு வீட்டுக்காரர்களுக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. அவர்களோடு சேர்ந்து காப்புக் கட்டி, மாட்டுக்குக் கொம்பு தீட்டச் சம்மதம் என்றால் போகலாம். நேரத்துக்குக் காபி வரவேண்டும் என்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கவும்.

கடைசியாக, ரத்து. திருப்பூர்க்காரர்களின் விடுமுறை ஷிப்மென்ட் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ‘பீஸ் ரிஜெக்ட்’ என்று போன் வந்தால் சனிக்கிழமைப் பயணம் போச்சு. பெரிய விடுதியில் எத்தனை நாள் முன்னால் சொன்னால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் இருக்கும். தோட்டத்து வீட்டில் வாய்ப்பேச்சுதான். பெரும்பாலும் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளமாட்டார்கள், அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கோழியைப் பேசி வைப்பதும் ஆளுக்குச் சொல்லிவிடுவதும் முந்தின நாள்தான். வரவில்லை என்றால் வியாழன் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சொல்ல நேர்ந்தால் கோழிக்கும் ஆள் கூலிக்கும் ஆன காசை ஜிபேயில் போட்டுவிடுங்கள்.